ரயில் இல்லாத ஊர்க்காரன் எழுதிய ரயில் மனு

அட்டப்பாடிக்கு ரயில் கிடையாது. வருமென்று தேர்தல் மேடையில் யாராவது சொல்லி நான் கேட்டதுமில்லை. அந்த விஷயத்தில் மட்டும் எங்களுக்கு யோக்கியமான வேட்பாளர்களாக வாய்த்திருக்கிறார்கள். அகளியிலிருந்து ரயிலைப் பார்க்க ஆசைப்பட்டால் இரண்டு வழி உண்டு. மேற்கே முக்காலி தாண்டி, சுரத்தின் கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணார்க்காட்டில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் பாலக்காடு போகலாம். அல்லது கிழக்கே ஆனைகட்டியில் கேரளத்து பஸ்ஸை விட்டிறங்கித் தமிழ்நாட்டு பஸ்ஸில் ஏறிக் கோயமுத்தூர் போகலாம். எப்படிப் போனாலும் பிளாட்பாரத்தில் கால் வைக்கும்போது பாதிநாள் தீர்ந்திருக்கும்.

இதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது. ரயில் ரத்து, ரயில் நேர மாற்றம், ரயில் பகுதி ரத்து என்று பேப்பரில் வருவதையெல்லாம் நாங்கள் வெளிநாட்டுச் செய்தி படிப்பதுபோலத்தான் படிப்போம். இல்லாததை எந்த அதிகாரியால் குறைக்க முடியும்?

இடுக்கிக்காரர்களிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் மாவட்டத்திலும் இன்றைக்கு ஓரடி தண்டவாளம் இல்லை. ஆனால் அவர்களுக்குப் பூர்வீகப் பெருமை உண்டு. மூணாறில் 1902-இலேயே தேயிலை ஏற்ற ஒற்றைத் தண்டவாள வண்டி இருந்தது. அதை இழுத்தது மாடு. 1908-இல் அது நிஜமான குறுகிய ரயில்பாதை ஆயிற்று. 1924 வெள்ளம், மலையாளக் கணக்கில் 99-ஆம் ஆண்டு வெள்ளம், பாதையையும் பாலங்களையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விட்டது. எனக்குத் தெரிந்து ரயிலை நிறுத்தியவர் யார் என்பதில் சந்தேகமே இல்லாத ஒரே வழக்கு அதுதான். மழையிடம் மனுக் கொடுக்க முடியாது என்பதால் யாரும் சங்கம் ஆரம்பிக்கவில்லை.

என் தொழில் மனு எழுதுவது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், அடிக்கடி பேப்பரைக் கடித்துக்கொள்ளும் ஒரு பிரிண்டர். 2021-இல் அட்டப்பாடி தனித் தாலுகாவாகி அகளி தலைமையிடம் ஆன பிறகு தொழில் பரவாயில்லை. மலையாளத்திலும் எழுதுவேன், தமிழிலும் எழுதுவேன். ரேஷன் கார்டில் விடுபட்ட பெயர், பட்டாவில் மாறிப்போன சர்வே நம்பர், காட்டுப்பன்றி தோண்டிய மரவள்ளி என்று எல்லாம் வரும். யானை மிதித்த வாழைக்கு நான்தான் ஸ்பெஷலிஸ்ட். யானையின் பேரில் குற்றம் சொல்லாமல், வனத்துறையின் பேரிலும் குற்றம் சொல்லாமல், வாழை தானாகவே போய்க் காலடியில் விழுந்ததுபோலத் தொனிக்காமலும் எழுத வேண்டும். அது எல்லோருக்கும் வராது.

கொல்லங்கோட்டிலிருந்து என் மச்சான் போன் செய்தபோது யானை என்றுதான் நினைத்தேன்.

"மாப்ளே, நம்ம லைனுக்கு ஒரு மனு எழுதணும்."

"எந்த லைன், கரண்ட் லைனா?"

"ரயில் லைன். இருந்த வண்டியெல்லாம் போச்சு. சங்கத்துல முடிவு பண்ணிட்டோம்."

"நான் ரயிலே இல்லாத ஊர்க்காரன், மச்சான்."

"அதனாலதான் உன்னைக் கூப்பிடறேன். இங்க இருக்கறவன் எழுதினா கோபத்துல எழுதறான். நாலாவது வரியிலயே 'மக்கள் கொந்தளிப்பார்கள்'னு வந்துடுது. நீ சம்பந்தமில்லாதவன், நிதானமா எழுதுவே."

சம்பந்தி வீட்டு விஷயத்தில் சம்பந்தமில்லாதவன் என்று பெயரெடுப்பது லேசல்ல. ஒப்புக்கொண்டேன்.

மனு எழுதுமுன் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். பாலக்காடு–பொள்ளாச்சி பாதை 1932-இல் வந்தது. பாலக்காடு டவுன், புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம், பொள்ளாச்சி. மொத்தம் அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒருபக்கம் நெல்வயல், ஒருபக்கம் நெல்லியாம்பதி மலை, நடுவில் மாந்தோப்பு. மீட்டர்கேஜ் காலத்தில் இந்தப் பாதையில் ஏறினால் பழனி, திண்டுக்கல், மதுரை, ராமேஸ்வரம் வரை போகலாம். பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகிறவரும் பழனிக்கு மொட்டை போடப் போகிறவரும் பாலக்காட்டுக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளும் ஒரே பெட்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்து போன பாதை.

2008 டிசம்பரில் அகலப் பாதையாக மாற்றுகிறோம் என்று வண்டியை நிறுத்தினார்கள். திண்டுக்கல்லிலிருந்து பாலக்காடு, கோயமுத்தூர் வரை 225 கிலோமீட்டருக்கான பெரிய திட்டத்தில் இது ஒரு பகுதி. மீட்டர்கேஜ் என்பது 1,000 மில்லிமீட்டர். அகலப் பாதை 1,676. வித்தியாசம் 676 மில்லிமீட்டர், நம் கணக்கில் இரண்டேகால் அடி. இந்த இரண்டேகால் அடியை எட்டிப்பிடிக்க 2015 நவம்பர் வரை ஆயிற்று. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு எட்டு கிலோமீட்டர் சொச்சம். பால்காவடி எடுத்து ஒவ்வொரு அடிக்கும் விழுந்து கும்பிட்டுப் போகிறவர்கூட ஒரு வாரத்தில் அந்த எட்டு கிலோமீட்டரைக் கடந்திருப்பார்.

அது போகட்டும். போடிக்காரர்களைப் பார்த்தால் கொல்லங்கோட்டுக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். இடுக்கி எல்லையில் ஏலக்காய் மணக்கிற போடிநாயக்கனூருக்கு மதுரையிலிருந்து 90 கிலோமீட்டர். 2010 கடைசி நாளோடு வண்டி நின்றது. தேனி வரை திரும்பி வந்தது 2022 மே மாதம், போடி வரை வந்தது 2023 ஜூன். இதற்குமுன் இரண்டாம் உலகப் போரின்போது அதே பாதையில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். நிலம்பூர்–ஷொரணூர் பாதைக்கும் அப்போது அதே கதிதான். இரண்டுமே சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடி போடப்பட்டன. போருக்காகப் போன ரயில் திரும்பி வர ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம், முன்னேற்றத்துக்காகப் போன ரயில் திரும்பி வரவும் ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம். ஹிட்லர் ஒருவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

கொல்லங்கோட்டுக்காரர்களின் வருத்தம் தாமதத்தைப் பற்றியதல்ல. காத்திருந்ததில் பாதை மட்டும்தான் திரும்பி வந்தது, பழைய வண்டிகள் வரவில்லை. பழைய அட்டவணையில் இருந்த பாசஞ்சர்களும் ராமேஸ்வர வண்டியும் 'பாதை தயாரானதும்' என்று விடைபெற்றுப் போனவை. பாதை தயாராயிற்று, பளபளவென்று இருக்கிறது, மேலே மின்கம்பிகூட இழுத்தாயிற்று. பாதை அகலமாயிற்று, அட்டவணைதான் இளைத்துவிட்டது. முதலமடை நிலையத்தில் ஆலமரங்களும் விழுதுகளும் அவ்வளவு அழகு. சினிமாக்காரர்கள் தேடிவந்து படம் எடுக்கிற இடம் அது. "எங்க ஸ்டேஷன்ல ரயில் நிக்கறதைப் பார்க்கணும்னா தியேட்டருக்குப் போகணும்" என்று மச்சான் சொன்னார். மனுவில் சேர்க்கலாமா என்று கேட்டேன். கோபத்தைத்தான் தவிர்க்கச் சொன்னாரே தவிர, கிண்டலையல்ல.

இதற்கு நடுவில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் நாடு முழுக்க ரயில் நின்றது. நின்றது நியாயம். ஆனால் திரும்பி வந்தபோது பாசஞ்சர் வண்டிக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. அதே பெட்டி, அதே வேகம், அதே நிறுத்தங்கள், பெயர் மட்டும் எக்ஸ்பிரஸ். குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய். பக்கத்து ஸ்டேஷனில் இறங்குகிற பூக்கார அம்மாளும் எக்ஸ்பிரஸ் பயணி. அந்த மரியாதைக்காக அந்த அம்மாள் தினமும் இருபது ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார். 2024 பிப்ரவரி இறுதியில்தான் பழைய 10 ரூபாய் திரும்பியது. அதற்குள் பலபேர் பஸ்ஸுக்கும் டூவீலருக்கும் மாறியிருந்தார்கள். கடனில் பைக் வாங்கியவனை ரயிலுக்குத் திரும்பக் கூப்பிடுவது கஷ்டம். தவணை முடியும்வரை அவன் அந்த பைக்கை நியாயப்படுத்தியாக வேண்டும்.

சங்கத்தின் கூட்டத்துக்குப் போனேன். மனு எழுதுபவன் கட்சிக்காரர்களை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் கொள்கை. ஒரு டியூஷன் சென்டரின் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். அரைமணி நேரத்தில் எனக்குப் புரிந்தது, அங்கே இருந்தது ஒரு சங்கமல்ல, இரண்டு.

முதலாவது ராமேஸ்வரம் கட்சி. இவர்களுக்கு வேண்டியது தூரத்து வண்டி. ராமேஸ்வரம், பெங்களூரு, முடிந்தால் டெல்லி. அது கொல்லங்கோட்டில் நிற்க வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் வருஷத்துக்கு ஒருமுறை ரயிலேறுகிறவர்கள். இரண்டாவது தினசரிக் கட்சி. இவர்களுக்குக் காலை எட்டரைக்குள் பாலக்காடு போய்ச் சேர ஒரு வண்டி, சாயங்காலம் ஐந்தரைக்குமேல் திரும்பி வர ஒரு வண்டி, அவ்வளவுதான். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள், விக்டோரியா கல்லூரிப் பிள்ளைகள், ஒரு தையற்காரர்.

கூட்டத்தில் பேசியது முழுக்க முதல் கட்சி. தினசரிக் கட்சிக்காரர்கள் ஏழரைக்கே எழுந்துவிட்டார்கள், கடைசி பஸ் போய்விடுமே என்று. தினமும் ரயில் வேண்டியவர்களுக்கு ரயில் இல்லாததால், ரயில் கேட்டுப் பேசுகிற கூட்டத்தில் உட்கார நேரமில்லை. தீர்மானத்தில் ராமேஸ்வரம் முதலிடமும் காலை வண்டி ஏழாவது இடமும் பிடித்தன. ஆறாவது, பிளாட்பாரத்துக்குக் கூரை.

மேடையில் தூரத்து வண்டிக்குத்தான் மவுசு. அது வந்தால் பேனர் கட்டலாம், இன்ஜினுக்கு மாலை போடலாம், டிரைவருக்கு லட்டுக் கொடுக்கலாம், எம்.பி. கொடியசைக்கும் படம் பேப்பரில் வரும். காலை 7 மணி பாசஞ்சருக்கு யார் லட்டுக் கொடுப்பார்கள்? அதில் போகிறவர்கள் இடம்பிடிக்கிற அவசரத்தில் இருப்பார்கள். பாம்பனில் 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்து, அந்த அக்டோபரில் திருவனந்தபுரம்–மதுரை அமிர்தா எக்ஸ்பிரஸை ராமேஸ்வரம் வரை நீட்டியபோது ராமேஸ்வரம் கட்சிக்கு ஒரு வெற்றி கிடைத்தது. நல்ல விஷயம், நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அமிர்தா கிழக்கே போகும்போது கொல்லங்கோட்டுப் பக்கத்தைச் சூரியனுக்கு முன்பே கடந்துவிடுகிறது. ஜவுளிக்கடைப் பெண் அதில் ஏறுவதென்றால் வேலைக்கல்ல, காசி ராமேஸ்வரம் என்று கிளம்பிவிட வேண்டியதுதான்.

நான் மனுவைத் திருப்பிப் போட்டேன். காலை வண்டி முதலில், ராமேஸ்வரம் பிற்பாடு. செயலாளருக்கு முகம் சுருங்கியது. "தொடக்கம் கம்பீரமா இருக்கணுமில்லையா?" என்றார். "யானை மனுவில் நாங்கள் வாழையைத்தான் முதலில் எழுதுவோம், யானையை அல்ல" என்றேன். அவருக்கு விளங்கியதோ இல்லையோ, அட்டப்பாடியில் ஏதோ ரகசிய முறை இருக்கிறது என்று நம்பிவிட்டார்.

அடுத்தது முக்கியமான இடம், காரணம். ரயில்வே ஒரு வண்டியை நிறுத்தும்போது சொல்கிற காரணம் அநேகமாக ஒன்றுதான், போதிய பயணிகள் இல்லை. இதற்குப் பதில் எழுதுவதற்காக நான் உட்கார்ந்து யோசித்ததில் தெரிந்தது இது. ஒரு வண்டியைக் காலியாக்குவதற்குப் பெரிய சதியெல்லாம் தேவையில்லை, கடிகாரம் போதும். கல்லூரி ஒன்பதரைக்கு என்றால் வண்டியைப் பத்தே காலுக்குக் கொண்டுபோய் விடு. கடை எட்டுக்கு அடைத்தால் கடைசி வண்டியை ஏழு ஐம்பதுக்கு அனுப்பு. ஆறு மாதம் ஓட்டு. பிறகு எண்ணிப் பார், ஆள் இருக்காது. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, விருந்தாளிக்குப் பசியில்லை என்று குறித்துக்கொள்வதுபோல.

இதில் நம்மூர் ரயில்வேக்கு மட்டும் காப்புரிமை இல்லை. இங்கிலாந்தில் 1963-இல் பீச்சிங் என்கிற டாக்டர் ஒருவர் ரயில்வேயின் நஷ்டத்துக்கு வைத்தியம் எழுதினார். மருத்துவ டாக்டர் அல்ல, இயற்பியல் படித்தவர். இரண்டாயிரத்துக்குமேல் ஸ்டேஷன்களை மூடச் சொன்னார். கிளைகளை வெட்டினால் மரம் பிழைக்கும் என்பது சிகிச்சை. கிளை வண்டியில் வந்துதான் ஜனங்கள் மெயின் வண்டியில் ஏறினார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. கிளை போனதும் அவர்கள் ஸ்டேஷன் வரை காரில் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். காரில் ஏறியவர்கள் காரிலேயே ஊர்போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இந்தியாவில் சிறிய ஸ்டேஷன்கள் பிழைத்திருக்க ஓர் அளவுகோல் உண்டு. கிளைப் பாதையென்றால் நாளொன்றுக்கு 25 டிக்கெட், பிரதானப் பாதையென்றால் 50. உத்தரப் பிரதேசத்தில் பிரயாக்ராஜ் பக்கம் தயாள்பூர் என்று ஒரு நிலையம். டிக்கெட் போதவில்லை என்று 2006-இல் மூடிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் பல ஆண்டு அலைந்து திறக்க வைத்தார்கள். திறந்த பிறகு இன்னொருமுறை மூடிவிடக் கூடாதே என்று வசூல் செய்து தினமும் டிக்கெட் வாங்குகிறார்கள். போவதற்கல்ல, எண்ணிக்கைக்கு. ராஜஸ்தானில் ஜல்சு நானக் என்ற கிராமத்தில் 2005-இல் இதே கதை. மாதம் 1,500 டிக்கெட் விற்கிற பொறுப்பை ஏற்றுக்கொண்டு, நிலையத்தைக் கிராமத்தாரே நடத்தத் தொடங்கினார்கள்.

இதைச் சங்கத்தில் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ, சொன்ன மறுநிமிஷம் நிதிக்குழு அமைந்துவிட்டது. ஆளுக்கு இத்தனை என்று பிரித்து டிக்கெட் வாங்குவதென்று தீர்மானம். "வாங்கின டிக்கெட்டை என்ன பண்றது?" என்று தையற்காரர் கேட்டார். "ஏறிப் போயேன்" என்று யாரோ சொல்ல, "வண்டி நேரம் சரியா இருந்தா நான் ஏன் சங்கத்துக்கு வர்றேன்?" என்றார் அவர். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் பேசப்பட்ட ஒரே முழுமையான வாதம் அதுதான். மனுவின் நான்காம் பத்தியாக அதை அப்படியே எடுத்துக்கொண்டேன், அலுவலக நடையில்.

செயலாளருக்கு இன்னொரு கவலை இருந்தது. இயக்கம் என்றால் அதற்கு ஓர் அடையாளம் வேண்டும், ஜனங்கள் மனத்தில் நிற்க வேண்டும் என்றார். இதில் எங்கள் அட்டப்பாடிக்கு அனுபவம் உண்டு. எங்கள் முக்காலியிலிருந்துதான் சைலன்ட் வேலிக்குள் போக வேண்டும். அங்கே குந்திப்புழையின் குறுக்கே மின்சாரத்துக்கு அணைகட்டப் போகிறோம் என்று எழுபதுகளில் கிளம்பினார்கள். கவிஞர்கள், ஆசிரியர்கள், விஞ்ஞானிகள் எல்லோரும் எதிர்த்தார்கள். 1984-இல் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆயிற்று. ஆனால் நாடு முழுக்க ஜனங்கள் நினைவு வைத்திருந்தது கவிஞர்களின் முகத்தை அல்ல, சிங்கவால் குரங்கின் முகத்தை. அது ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை, ஒரு தீர்மானத்திலும் கையெழுத்துப் போடவில்லை. மரத்தில் உட்கார்ந்து பிடரியைக் காட்டிக்கொண்டிருந்தது, ஜெயித்தது.

இதை மிஞ்சுகிற ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. அங்கே செட்டில்–கார்லைல் என்று மலைகளுக்கு நடுவே ஒரு பாதை. வண்டிகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக் கடைசியில் நாளுக்கு இரண்டாக்கிவிட்டு, 1983-இல் பாதையையே மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். ஆட்சேபம் தெரிவிக்க ஆயிரமாயிரமாக ஜனங்கள் கையெழுத்துப் போட்டார்கள். அவற்றில் ஒன்று காலெழுத்து. ரஸ்வார்ப் என்ற ஒரு நாய் பாதத்தை மையில் நனைத்து வைத்தது. எஜமானரோடு டிக்கெட் எடுத்துப் பயணம் செய்த நாய் என்பதால் முறையான பயணியின் ஆட்சேபம் என்று அதை ஏற்றுக்கொண்டார்கள். 1989 ஏப்ரலில் மூடும் திட்டத்தை அரசு கைவிட்டது. 2009-இல் கார்ஸ்டேல் ஸ்டேஷனில் அந்த நாய்க்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

சங்கத்தார் இந்தக் கதையை எதிர்பார்த்ததைவிடத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். நம் பாதைக்கு எந்த விலங்கு? மயில் என்றார் ஒருவர். அது தேசியப் பறவை, மத்திய அரசுப் பக்கம் போய்விடும் என்று தள்ளிவிட்டார்கள். மாம்பழம் என்றார் முதலமடைக்காரர். விலங்கல்ல என்று நிராகரிக்கப்பட்டது. கடைசியில் பிளாட்பாரத்தில் மேய்கிற ஆடு என்று முடிவாகிற நிலையில், வயதான ஒருவர் எழுந்து, "ஆடு அங்க மேயுதுன்னா ரயில் வரலேன்னு அர்த்தம். ரயில் வந்துட்டா ஆட்டுக்கு நஷ்டம். அது எதிர்க்கட்சி" என்றார். விலங்குப் பிரச்சினை ஒத்திவைக்கப்பட்டது.

மனு ரெடியானதும் யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி. இது நினைப்பதுபோல எளிதல்ல. பொள்ளாச்சி இருப்பது தமிழ்நாட்டில், ஆனால் ரயில்வே கணக்கில் பாலக்காடு கோட்டம். போத்தனூரும் கோயமுத்தூரும் 2007-இல் பிறந்த சேலம் கோட்டம். உடுமலையும் பழனியும் மதுரைக் கோட்டம். கொல்லங்கோட்டில் ஏறிப் பழனியில் மொட்டை போட்டுக்கொண்டு கோயமுத்தூர் வழியாகத் திரும்பினால் முடி ஒரு கோட்டத்திலும் தலை இன்னொரு கோட்டத்திலும் இருக்கும். பொள்ளாச்சிக்காரர்கள் எங்களைச் சேலத்தோடு சேர், இல்லாவிட்டால் மதுரையோடு சேர் என்று கேட்கிறார்கள். கேரளத்துக்காரர்கள் பாலக்காடு கோட்டத்தை இனிமேலும் வெட்டாதே என்கிறார்கள். வண்டியை விடு என்று இரண்டு பக்கமும் சேர்ந்து கேட்கலாம் என்றேன். எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ரயில் இல்லாத ஊர்க்காரனுக்கு ரயில் அரசியல் எங்கே தெரியும்!

கடைசியில் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், அங்கே டீ கொடுத்தார்கள். அதிகாரி பொறுமையானவர். மனுவை முழுக்கப் படித்தார். தலையாட்டினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ரேக், அதான் பெட்டித்தொடர், இல்லையே. பெட்டிகளைப் பராமரிக்கப் பிட்லைனும் போதாது."

"ஒரே ஒரு வண்டி சார், காலையில."

"நீங்க எல்லாரும் இன்னிக்கு எப்படி வந்தீங்க?"

"பஸ்ல."

"எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தீங்க?"

"ஒன்பதரைக்கு."

"பாருங்க" என்றார் அதிகாரி, நிஜமான அன்போடு. "பஸ் வசதி நல்லாத்தானே இருக்கு."

யாருக்கும் பேச்சு வரவில்லை. ரயிலில் வந்திருந்தால், ரயில் இருக்கிறதே என்றிருப்பார். பஸ்ஸில் வந்ததால், பஸ் இருக்கிறதே என்கிறார். வராமலே இருந்திருந்தால் கோரிக்கையே இல்லை என்று எழுதியிருப்பார். எங்களோடு வந்திருந்த ஜவுளிக்கடைப் பெண் ஒருத்திதான் வாய் திறந்தாள். "அந்த பஸ்ல நான் நின்னுட்டுதான் சார் வந்தேன். நேத்தும் நின்னேன். நாளைக்கும் நிப்பேன். நான் நிக்கறதை எங்க சார் எழுதுவீங்க?"

அதிகாரி பேனாவை எடுத்தார், தாளைத் தேடினார். அதற்கென்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. அவர் பேரில் எனக்குக் கோபமில்லை. டிக்கெட் விற்றால் அது கணக்கில் ஏறும். டிக்கெட் விற்கப்படாமல் போனதை ஏற்ற ஒரு நெடுவரிசையும் எந்த அலுவலகத்திலும் கிடையாது. யானை மிதித்த வாழைக்கு எண்ணிக்கை போடுவார்கள், யானைக்குப் பயந்து நடாமல் விட்ட வாழைக்குப் போட மாட்டார்கள். இருபத்தெட்டு வாழைக்கு நஷ்டஈடு வாங்கிக்கொடுத்தபோதெல்லாம் தோன்றாதது அன்றைக்கு அந்த டீயின் முன்னால் தோன்றியது.

மனுவில் ஒரு வரியைக் கையாலேயே சேர்த்தேன்: 'ஏறிய பயணிகளை மட்டுமின்றி, இந்த நேர அட்டவணையால் ஏற இயலாமற்போன பயணிகளையும் ஒரு வாரம் பஸ் நிலையத்தில் நின்று எண்ணிப் பார்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.' பதில் வந்தது. 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்றிருந்தது. என் அனுபவத்தில் இது கெட்ட பதிலல்ல. 'சாத்தியமில்லை' என்பது சுவர், 'பரிசீலனையில்' என்பது பூட்டிய கதவு. சங்கத்தார் இப்போது அடுத்த மனுவுக்குத் தயாராகிறார்கள். பஸ் நிலையத்தில் நின்று எண்ணுகிற வேலையைக் கல்லூரிப் பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள். ராமேஸ்வரம் கட்சியிலிருந்துகூட இரண்டுபேர் கணக்கெடுக்கக் காலையில் எழுந்து வருகிறார்களாம்.

கூலி விஷயம் ஒன்று பாக்கி இருந்தது. சொந்தக்காரர்களிடம் மனுக்கூலி கேட்பது வழக்கமில்லை, கொடுத்தால் மறுப்பதும் வழக்கமில்லை. மச்சான் ஒரு கவரோடு வந்தார். உள்ளே கொல்லங்கோடு–பாலக்காடு டவுன் சீசன் டிக்கெட், மூன்று மாதத்துக்கு.

"மாசாமாசம் எடுத்தா மூணு மடங்கு. சேர்த்து எடுத்தா ரெண்டே முக்கால் மடங்குக்கும் குறைவு. லாபம்" என்றார்.

"நான் அகளியில இருக்கேன் மச்சான். இதை வச்சு என்ன பண்ண?"

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். கணக்குல ஏறிட்டே, அது போதும்."

இப்படியாக, கொல்லங்கோட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற அந்தப் பெண் ரயில்வே கணக்கில் இல்லை. சுரத்துக்கு அப்பால் மேசை முன்னால் உட்கார்ந்து யானை மனு எழுதிக்கொண்டிருக்கிற நான், அந்தப் பாதையின் அன்றாடப் பயணி.